கடை எப்போது விலையை விடுகிறது: கிளியரன்ஸ் விற்பனைக்கு ஓர் எளிய அறிமுகம்

கடைகளில் விலை இரண்டு காரணங்களுக்காகக் குறைகிறது. வெளியே தொங்கும் சிவப்பு அட்டையைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே நடக்கும் கணக்கு வேறு வேறு.

முதலாவது, நமக்கெல்லாம் பழகிப்போன தள்ளுபடி. ஆட்களைக் கடைக்குள் வரவழைப்பதற்காகச் சில நாட்களுக்கு விலையைக் குறைப்பார்கள். நாள் முடிந்ததும் விலை பழைய இடத்துக்கே போய்விடும். சரக்கு தீர்ந்தால் மறுபடி வரவழைத்து அடுக்குவார்கள். எவ்வளவு குறைக்கலாம் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுத்தான் குறைத்திருப்பார்கள். பெரும்பாலும் அது அவர்களுடைய லாபத்துக்குள்ளேயே அடங்கிவிடும்.

இரண்டாவதுதான் கிளியரன்ஸ். இங்கே கடைக்கு அந்தப் பொருளே இனி வேண்டாம். புதிதாக வரவழைக்கப் போவதில்லை. இருப்பது வெளியே போனால் போதும். அதனால் விலை ஒருமுறை இறங்கினால் பொதுவாக ஏறுவதில்லை, நாளாக ஆக இன்னும் இறங்கும். வாங்கிய விலைக்கும் கீழே போவது இங்கே சாதாரணம். 70, 80, சில நேரம் 90 சதவீதம் குறைந்த விலையில் ஒருவர் நல்ல பொருளை வாங்கிக்கொண்டு வந்தால், பார்க்கிறவர்கள் அதிர்ஷ்டம் என்பார்கள். அதிர்ஷ்டமும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் அந்தக் கடைக்கு எப்போது இடம் தேவைப்படும், எந்தச் சரக்கை அது வெளியே தள்ளப் பார்க்கும் என்று தெரிந்தவருக்கு அந்த அதிர்ஷ்டம் அடிக்கடி வாய்க்கும். தெரிந்துகொள்வது ஒன்றும் கடினமில்லை.

தேங்கிய சரக்கின் கணக்கு

ஒரு கடை மழைக்காலத்துக்காக 100 மழைக்கோட்டு வாங்கி வைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் கொள்முதல் விலை 50. விற்கும் விலை 100. மொத்த முதலீடு 5000. மழைக்காலம் முடிவதற்குள் 70 கோட்டு முழு விலைக்குப் போய்விடுகிறது. கையில் 7000 வந்துவிட்டது. போட்ட முதல் திரும்பி, வாடகைக்கும் சம்பளத்துக்கும் லாபத்துக்குமாக 2000 மிஞ்சியிருக்கிறது. மீதி 30 கோட்டு ஸ்டாண்டில் தொங்குகிறது.

இப்போது மேலாளர் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. அந்த 30 கோட்டையும் மூட்டை கட்டி அடுத்த மழைக்காலம் வரை வைத்திருக்கலாம். அதற்குக் கிடங்கில் இடம் வேண்டும், எடுத்துப் போக, திரும்பக் கொண்டுவர ஆள் வேண்டும், கசங்கினதைத் தேய்த்து மாட்ட வேண்டும். அடுத்த வருடம் அந்த நிறமும் வெட்டும் யாருக்காவது பிடிக்குமா என்பது தனிக் கேள்வி. இன்னொரு வழி, கிடைத்த விலைக்கு இப்போதே தள்ளிவிடுவது.

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். 50-க்கு வாங்கியதை 30-க்கு விற்றால் நஷ்டம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த 50 எப்போதோ செலவாகிவிட்ட பணம். கோட்டை விற்றாலும் விற்காவிட்டாலும் அது திரும்பி வராது. மேலாளர் பார்ப்பது அந்த ஸ்டாண்டை. அதே ஸ்டாண்டில் 30 கம்பளிச் சட்டையை மாட்டினால், ஒன்றுக்கு 50 லாபம் என்றால்கூட 1500 வரும். மழைக்கோட்டு அங்கே தொங்கும் ஒவ்வொரு வாரமும் அந்த 1500 தள்ளிப்போகிறது. 30 கோட்டையும் தலா 30-க்கு விற்றால் உடனே 900 கையில், ஸ்டாண்டும் காலி. ஆக, கடைக்கு இது நல்ல வியாபாரம்.

வாங்குகிறவருக்கு இதிலிருந்து தெரிய வேண்டியது இதுதான்: கிளியரன்ஸ் விலைக்கும் பொருளின் தரத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. விலை சொல்வது அந்த இடம் கடைக்கு எவ்வளவு அவசரமாக வேண்டும் என்பதை மட்டும்தான்.

ஒரு பழைய கடையின் விலை அட்டை

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபைலீன்ஸ் என்று ஒரு பெரிய கடை இருந்தது. அதை நடத்திய எட்வர்ட் ஃபைலீன், 1909-இல் கடையின் தரைக்கீழ்த் தளத்தில் ஒரு புது முறையைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு பொருளின் அட்டையிலும் அது விற்பனைக்கு வந்த தேதி இருக்கும். 12 விற்பனை நாட்கள் கடந்தும் போகாவிட்டால் விலையில் 25 சதவீதம் குறையும். 18 நாள் ஆனால் 50 சதவீதம். 24 நாள் ஆனால் 75. 30 நாளிலும் யாரும் வாங்கவில்லை என்றால் தர்ம காரியத்துக்குக் கொடுத்துவிடுவார்கள்.

எல்லோருக்கும் எல்லாம் தெரியும். எந்த நாளில் எந்த விலை என்று அட்டையைப் பார்த்தே விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படியானால் எல்லோரும் 24-வது நாள் வரை காத்திருந்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு. பெரும்பாலான சரக்கு அதற்கு முன்பே போய்விட்டது. காரணம், பக்கத்தில் நிற்கிறவரும் அதே அட்டையைத்தான் படிக்கிறார். நான் காத்திருந்தால் அவர் எடுத்துவிடுவார்.

கிளியரன்ஸின் முழு விளையாட்டும் இந்த அட்டையில் இருக்கிறது. காத்திருந்தால் விலை குறையும்; காத்திருந்தால் பொருளும் போகும். இன்றைய கடைகளிலும் இதே படிகள் இருக்கின்றன: 30, 50, 70, சில இடங்களில் 90. வித்தியாசம், அந்த அட்டவணை இப்போது கடையின் கணினிக்குள் இருக்கிறது, நம் கண்ணில் படாது. அதோடு எல்லாப் பொருளுக்கும் ஒரே வேகம் கிடையாது. மெதுவாகப் போகும் சரக்குக்கு அடுத்த படி சீக்கிரம் வரும். தானாகவே போய்க்கொண்டிருப்பதற்கு வராமலேகூடப் போகலாம்.

அப்படியானால் எப்போது எடுப்பது, எப்போது பொறுப்பது? நான் பார்ப்பது ஒன்றைத்தான்: எனக்கு வேண்டிய அளவில், எனக்கு வேண்டிய வகையில் எத்தனை மிச்சம் இருக்கிறது? ஸ்டாண்டில் 40 சட்டை தொங்கலாம். அதில் என் அளவு ஒன்றே ஒன்று என்றால் எனக்கு அது ஒரு சட்டைதான். விலை சரியாக இருந்தால் அப்போதே எடுத்துவிட வேண்டும். அதுவே என் அளவில் எட்டுப் பத்து இருந்தால் ஒரு வாரம் தாராளமாகப் பொறுக்கலாம். துணியிலும் செருப்பிலும் நடு அளவுகள் முதலில் தீரும். மிகச் சிறியதும் மிகப் பெரியதும் கடைசிவரை நிற்கும். அந்த அளவுக்காரர்களுக்கு மற்ற நாட்களில் கடையில் ஏமாற்றம்தான் மிஞ்சும். கிளியரன்ஸ் மட்டும் அவர்கள் பக்கம்.

எது கழிக்கப்படும்?

பருவச் சரக்கு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மழைக்கோட்டு, கம்பளி, மின்விசிறி, ஹீட்டர், பண்டிகை அலங்காரம் எல்லாம் அதில் சேர்த்தி. புது மாடல் வந்ததும் பழைய மாடல் இறங்குவதும் எல்லோருக்கும் தெரிந்ததே.

அதிகம் பேர் கவனிக்காதது டப்பா மாற்றம். ஒரு சோப்புத்தூளோ ஷாம்புவோ புது வடிவப் பாட்டிலில் வரப்போகிறது. உள்ளே இருப்பது அதேதான். ஆனால் பழைய பாட்டிலும் புதியதும் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைத் தயாரிப்பாளரும் விரும்ப மாட்டார், கடையும் விரும்பாது. பல நேரம் பார்கோடும் மாறிவிடும்; கணினிக்கு அது வேறு பொருள். பழையது கழிக்கப்படும். வீட்டில் நாள்தோறும் செலவாகும் பொருளே பாதி விலைக்குக் கிடைக்கும் தருணம் இது. என்னைக் கேட்டால், புதுமையாக ஏதாவது அகப்படுமா என்று தேடுவதைவிட இதைத் தேடுவது மேல். எப்படியும் வாங்கப்போகிற பொருள் என்பதால் மிச்சமாகும் பணம் முழுக்க உண்மையான மிச்சம்.

அப்புறம், அலமாரி வரைபடம். பெரிய சங்கிலிக் கடைகளில், அதாவது ஒரே பெயரில் பல கிளைகள் வைத்திருக்கும் கடைகளில், எந்தத் தட்டில் எந்தப் பொருள், எத்தனை வரிசை என்று தலைமை அலுவலகத்திலிருந்து படம் போட்டு அனுப்புவார்கள். அவ்வப்போது அந்தப் படம் மாறும். புதுப் படத்தில் இடம் கிடைக்காத பொருள், அது நன்றாக விற்றுக்கொண்டிருந்தாலும், வெளியே போயாக வேண்டும். ஒரு வரிசை முழுக்கக் காலியாகக் கிடந்து, ஊழியர்கள் தட்டுகளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பகுதியை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சில நாட்களுக்குள், அங்கே இருந்தவற்றில் புது இடம் கிடைக்காதவை மலிவு விலையில் வேறெங்கோ தலைகாட்டும்.

திரும்பி வந்த பொருள், டப்பா பிரித்த பொருள், காட்சிக்கு வைத்திருந்த பொருள் ஆகியவையும் இதே கூடைக்குத்தான் வரும். இவை ஒவ்வொன்றும் தனித்தனி. அதே விலையில் இரண்டாவது இருக்காது. இவற்றைச் சோதிப்பது பற்றிக் கீழே சொல்கிறேன்.

கடையையே மூடும்போது நடக்கும் விற்பனையில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். பெரிய கடைகள் மூடும்போது, அதற்கென்றே இருக்கும் கலைப்பு நிறுவனங்கள் விற்பனையை ஏற்று நடத்துவது உண்டு. முதல் வாரங்களில் விலை அதிகம் இறங்காது. 10, 20 சதவீதம்தான் இருக்கும். அந்தக் கடை எப்போதும் போடும் தள்ளுபடியும் கூப்பனும் அப்போது நின்றுபோயிருக்கும் என்பதால், சில பொருட்கள் முன்பைவிட அதிக விலைக்கே போகலாம். வெளிச்சரக்கைக் கொண்டுவந்து கலந்து விற்பதும் நடக்கிறது. "எல்லாம் போக வேண்டும்" என்ற பலகை தொங்கினாலும் விலையை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள்.

எப்போது போகலாம்?

கடையின் பருவம் வெளியே அடிக்கும் வெயிலோடும் குளிரோடும் ஒத்துப்போகாது. கம்பளித் துணி, வெயில் முழுதாகத் தணியும் முன்பே அடுக்கப்பட்டுவிடும். குளிர் இன்னும் விடாதபோதே அதைக் கழிக்கத் தொடங்கிவிடுவார்கள், ஏனென்றால் அதற்குள் கோடைச் சரக்கு வாசலில் வந்து நிற்கும். இந்த இடைவெளிதான் வாங்குகிறவருக்குக் கிடைக்கும் நல்ல நேரம். பருவம் பாதி இருக்கும்போதே பொருள் மலிந்துவிடுகிறது. அடுத்த வருடத்துக்கென்று எடுத்து வைக்கத் தேவையில்லை, நாளையே போட்டுக்கொள்ளலாம். பண்டிகைச் சரக்குக்கு இந்தத் தாராளம் கிடையாது. பண்டிகை முடிந்த மறுநாளே சரியத் தொடங்கும்.

பிரான்ஸில் இதற்குச் சட்டமே காலம் குறித்திருக்கிறது. குளிர்காலத்தில் ஒன்று, கோடையில் ஒன்று என ஆண்டுக்கு இரண்டு முறை. 2020 முதல் ஒவ்வொன்றும் 4 வாரம். அந்த வாரங்களில் கடைகள் நஷ்டத்துக்கும் விற்கலாம். மற்ற நாட்களில் அப்படி விற்பதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. அந்தச் சரக்கு குறைந்தது ஒரு மாதமாவது கடையில் விற்பனைக்கு இருந்திருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது, விற்பனைக்கென்றே மட்டச் சரக்கை இறக்கிவிடக் கூடாது என்பதற்காக.

கணக்கு முடிக்கும் காலமும் முக்கியம். நிறுவனங்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது இருப்பை எண்ணிக் கணக்கு முடிக்கும். எண்ணுவதற்கு முன் தேங்கியதைக் குறைத்துவிட்டால் வேலையும் குறையும், கணக்கும் சுத்தமாக இருக்கும். வாரத்துக்குள் பார்த்தால், பல சங்கிலிக் கடைகளில் விலை மாற்றம் இரவோடு இரவாகக் கணினியில் ஏறிவிடும். காலையில் ஊழியர்கள் ஸ்டிக்கர் ஒட்டத் தொடங்குவார்கள். அந்தக் கிழமை எது என்று நீங்கள் வழக்கமாகப் போகும் கடையில் சில வாரம் கவனித்தாலே பிடிபட்டுவிடும். வார நாளின் காலை நேரம் நல்லது. வாரக்கடைசிக் கூட்டம் வருவதற்குள் நல்லவை போயிருக்கும்.

கடைக்குள் எங்கே பார்ப்பது?

முழு விலைச் சரக்குக்குத்தான் வாசல் பக்கம் இடம். கழிக்கும் சரக்கு பின்பக்கம் போகும்: கடைசி வரிசையின் முனைத் தட்டு, கழிவறைக்குப் போகும் வழி, ஓரமாக நிறுத்திய சக்கர ஸ்டாண்ட். நடந்து போகும்போது கண்ணில் படாத அடித்தட்டு, எட்டாத மேல்தட்டு இரண்டையும் பாருங்கள்.

இதைவிட நல்ல இடம் ஒன்று இருக்கிறது. கிளியரன்ஸ் பகுதிக்கு இன்னும் போய்ச் சேராமல், தன் பழைய இடத்திலேயே நிற்கும் பொருள். கணினியில் விலை இறங்கிவிட்டது; அட்டையை மாற்ற ஆள் வரவில்லை. பில் போடும் இடத்தில் கீழ்விலைதான் வரும், ஆனால் தட்டில் பழைய விலைதான் தெரியும். கடையில் விலை பார்க்கும் கருவி இருந்தாலோ, அந்தக் கடையின் செயலியில் பார்கோடு படிக்கும் வசதி இருந்தாலோ, சந்தேகம் வரும் பொருளை அதில் காட்டிப் பாருங்கள். சந்தேகம் எப்படி வரும்? தூசி படிந்து, வரிசையில் இரண்டே இரண்டு மிஞ்சி, பின்னால் நிரப்பாமல் விட்டிருப்பார்கள். பக்கத்தில் புது டப்பா வந்திருக்கும். அதுதான் அடையாளம்.

ஒரே நிறுவனத்தின் இரண்டு கிளைகளில் ஒரே பொருள் வேறு வேறு விலையில் இருப்பதும் சகஜம். ஒரு கிளையில் 3 மிச்சம், இன்னொன்றில் 50 மிச்சம் என்றால் ஐம்பது இருக்கும் இடத்தில்தான் விலை வேகமாக இறங்கும். செயலியில் கிளையை மாற்றிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

அட்டையைப் படிப்பது

கிளியரன்ஸ் பொருளின் ஸ்டிக்கரை அவசரப்படாமல் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், அது மூன்று படி இறங்கி வந்திருக்கிறது. அடியில் உள்ளதன் ஓரம் தெரிந்தால் முந்தைய விலையையும் படிக்கலாம். சிறிய எழுத்தில் தேதி அச்சிட்டிருந்தால் இந்த விலை எப்போது வந்தது என்று தெரியும். நேற்று வந்த விலையென்றால் அடுத்த படிக்கு நாளாகும். மாதக்கணக்கில் பழையதென்றால் அடுத்த இறக்கம் பக்கத்தில் இருக்கலாம்.

சில கடைகளில் விலையின் கடைசி இலக்கங்களே சேதி சொல்லும். வழக்கமான விலைகள் எல்லாம் .99-இல் முடியும் கடையில் ஒரு பொருள் மட்டும் .97-இல் முடிந்தால், அது வழக்கமான விலைப் பட்டியலிலிருந்து விலகிவிட்டது என்று அர்த்தம். காஸ்ட்கோ என்ற அமெரிக்கச் சங்கிலிக் கடைகளில் இந்த .97 முடிவும், விலைப் பலகையின் மேல் மூலையில் வரும் நட்சத்திரக் குறியும் அங்கே அடிக்கடி வாங்குகிறவர்களுக்கு அத்துபடி. நட்சத்திரம் இருந்தால் இனி அந்தச் சரக்கு வரவழைக்கப்படாது. ஆனால் ஒரு கடையின் இலக்கணம் இன்னொரு கடைக்குப் பொருந்தாது. உங்கள் கடையின் வழக்கத்தை அந்தக் கடையிலேயே கவனித்துத்தான் கற்றுக்கொள்ள முடியும்.

சதவீதம் சொல்லாத விஷயம்

"50 சதவீதம் தள்ளுபடி, அதற்கு மேல் 20 சதவீதம்" என்று பார்த்ததும் மனம் 70 என்று கூட்டிவிடும். 100 மதிப்புள்ள பொருள் முதலில் 50 ஆகிறது. அடுத்த 20 சதவீதம் அந்த 50-இலிருந்துதான் கழிகிறது; அதாவது 10. கொடுக்க வேண்டியது 40. மொத்தத் தள்ளுபடி 60 சதவீதம். அப்படியும் நல்ல விலைதான். எவ்வளவு நல்லது என்று சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். "70 சதவீதம் வரை" என்ற பலகையில் "வரை" என்பதுதான் முக்கியமான சொல். ஒரே ஒரு பொருள் 70-இல் இருந்தாலும் அந்தப் பலகை உண்மையாகிவிடும்.

இதைவிடப் பெரிய கேள்வி: எதிலிருந்து 70 சதவீதம்? அடித்துக் காட்டியிருக்கும் பழைய விலைக்கு யாராவது உண்மையிலேயே வாங்கினார்களா? விலையை முதலில் ஏற்றி, பிறகு இறக்கிக் காட்டும் பழக்கம் உலகெங்கும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2022 மே 28 முதல் நடைமுறைக்கு வந்த விதியில் இதற்குக் கடிவாளம் போட்டது. விலை குறைத்ததாக விளம்பரம் செய்தால், அதற்கு முந்தைய குறைந்தது 30 நாட்களில் அந்தக் கடை விற்ற மிகக் குறைந்த விலையையே பழைய விலையாகக் காட்ட வேண்டும்.

அடித்த விலை நம்மை எவ்வளவு ஆட்டுவிக்கிறது என்பதற்கு ஜேசி பென்னி என்ற அமெரிக்க நிறுவனம் நல்ல சான்று. 2012-இல் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த ரான் ஜான்சன், ஓயாத தள்ளுபடியையும் கூப்பனையும் நிறுத்திவிட்டு, ஆரம்பத்திலேயே குறைந்த விலையைப் போட்டார். நேர்மையான விலைதான். ஆனால் அந்த ஆண்டு விற்பனை சுமார் 25 சதவீதம் சரிந்தது. 2013 ஏப்ரலில் அவர் பதவியிலிருந்து போனார், கூப்பன்கள் திரும்பி வந்தன. விலையின் மேல் ஒரு கோடு கிழித்திருந்தால்தான் நமக்கு வாங்கத் தோன்றுகிறது என்பது வருத்தமான உண்மை. அதனால் கோட்டுக்குக் கீழே இருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள். அந்த விலைக்கு இது வேறெங்காவது கிடைக்குமா? தள்ளுபடி என்றே எழுதாமல் இதே விலை போட்டிருந்தால் வாங்குவேனா? இரண்டு கேள்விக்கும் பதில் சரியாக வந்தால் எடுக்கலாம். வீட்டு உபயோகப் பொருளானால் கிராமுக்கு, மில்லிலிட்டருக்கு என்ன விலை என்றும் வகுத்துப் பாருங்கள். கழிக்கும் சரக்கில் சிறிய டப்பாவும் இருக்கலாம்.

எடுப்பதற்கு முன்

கிளியரன்ஸ் பொருளைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்பது பல கடைகளின் விதி. முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். உத்தரவாதம் முழுமையாக உண்டா, பிரித்த டப்பாவுக்கு வேறு விதியா என்பதையும் பில்லில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. காட்சிப் பொருளானால் கம்பி, ரிமோட், திருகாணி, கையேடு எல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, மின்சாரத்தில் இணைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

பொருள் புதிதாக இருந்தாலும் அதற்குள் வயதாகிக்கொண்டிருக்கும். காலாவதித் தேதி அச்சிட்ட பொருளில் இது எளிது. அச்சிடாததில்தான் சிக்கல். சில விளையாட்டுக் காலணிகளின் நடு அடிப்பகுதி பாலியூரித்தேன் என்ற நுரைப்பொருளால் ஆனது. காற்றில் இருக்கும் ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். யாரும் போடாமல் டப்பாவிலேயே இருந்தாலும் சிதையும். சில வருடம் கிடங்கில் கிடந்த ஜோடி, பார்க்கப் பளபளவென்று இருந்து, போட்டு நடந்ததும் அடி உதிர்ந்துவிடும். கட்டை விரலால் அடிப்பகுதியை நன்றாக அழுத்தி, காலணியை வளைத்துப் பாருங்கள். வெடிப்போ பொடியோ தெரிந்தால் வைத்துவிடுங்கள். லித்தியம் பேட்டரி உள்ள கருவிகளும் அப்படித்தான், உபயோகிக்காமல் வைத்திருந்தாலும் பேட்டரியின் கொள்ளளவு குறையும். பசை, பெயின்ட், அச்சுப்பொறி மை எல்லாம் இதே வரிசை. பழைய மாடல் போன் வாங்கும்போது அதற்கு மென்பொருள் புதுப்பிப்பு இன்னும் எவ்வளவு காலம் வரும் என்று பாருங்கள். உதிரிப்பாகம், வடிகட்டி, பிளேடு போன்றவை தொடர்ந்து வாங்க வேண்டிய கருவியானால், அவை இனியும் கிடைக்குமா என்பது கருவியின் விலையைவிட முக்கியம்.

ஊழியர்களிடம் பேசும்போது

அடுத்த விலை இறக்கம் எப்போது என்று கேட்கலாம், தவறில்லை. பல நேரம் அவர்களுக்கே தெரியாது. கணினி சொன்னபடி ஒட்டுகிறார்கள், அவ்வளவுதான். கூட்டம் இல்லாத நேரத்தில் மரியாதையாகக் கேட்டால் உள்ளே இன்னும் இருப்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். டப்பா நசுங்கியிருந்தால், சின்னக் கீறல் இருந்தால், கூடுதலாகக் கொஞ்சம் குறைக்கும் அதிகாரம் மேலாளருக்கு இருக்கலாம். நேராகக் கேளுங்கள், இல்லையென்றால் இல்லை.

செய்யக் கூடாதவையும் இருக்கின்றன. விலை இன்னும் இறங்கட்டும் என்று பொருளை வேறு அலமாரியின் பின்னால் ஒளித்து வைப்பது வேறொருவருக்கும் ஊழியருக்கும் செய்யும் அநியாயம். ஸ்டிக்கரைப் பிய்த்து வேறொன்றில் ஒட்டுவது மோசடி, சட்டப்படியே குற்றம். அமெரிக்காவின் சில சங்கிலிக் கடைகளில் ஒரு பொருளின் விலை கணினியில் 1 சென்ட் என்று வந்துவிடும். அது அலமாரியிலிருந்து எடுத்துவிட வேண்டிய சரக்கு என்று ஊழியர்களுக்குச் சொல்லும் குறி. அதைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. விற்க மாட்டோம் என்று கடை சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டும், பில் போடுகிறவரோடு சண்டைக்கு நிற்பது நியாயமில்லை.

அதற்கும் பிறகு மிஞ்சினால்

கிளியரன்ஸிலும் போகாத சரக்கு மொத்தமாக எடை போட்டதுபோல் கைமாறும். பெரிய மரப்பலகைகளின் மேல் அடுக்கிக் கட்டி மொத்த வியாபாரிகளிடம் போகும். அங்கிருந்து மலிவு விலைக் கடைகளுக்கும் தெருவோரக் கடைகளுக்கும் வரும். சில நிறுவனங்கள் தானமாகக் கொடுக்கும். சில எரித்தும் இருக்கின்றன. பிரிட்டனின் ஆடம்பர ஆடை நிறுவனமான பர்பெரி, விற்காமல் மிஞ்சிய சரக்கை ஒரே ஆண்டில் 2.86 கோடி பவுண்டு மதிப்புக்கு அழித்தது 2018-இல் தெரியவந்து, எதிர்ப்பு எழுந்தபின் அந்தப் பழக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது. பிரான்ஸ் 2020-இல் கொண்டுவந்த சட்டம், விற்காத புதுப் பொருட்களை அழிப்பதற்குத் தடை போட்டது. நல்ல துணியை நெருப்பில் போடுவதைவிட யாராவது கால் விலைக்கு உடுத்துவது எவ்வளவோ மேல் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே ஒரு கடையில் தவறவிட்டது வேறு வழியில் திரும்பி வரலாம். மலிவு விலைக் கடைகளில் பெரிய நிறுவனங்களின் மிச்சச் சரக்கும், கடைசி நேரத்தில் ரத்தான ஆர்டரும் வந்து இறங்கும். ஆனால் பிராண்டுகளின் பெயரில் நடக்கும் அவுட்லெட் கடைகளில் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே தொங்குவதெல்லாம் பெரிய கடையில் மிஞ்சியது கிடையாது. அவுட்லெட்டுக்கென்றே தனியாகத் தைக்கும் சரக்கும் நிறைய இருக்கிறது, துணியும் தையலும் வேறாக இருக்கும். உள்பக்கத் தையலையும் லேபிளையும் பார்த்து, அதே பிராண்டின் பெரிய கடைச் சட்டையோடு ஒருமுறை ஒப்பிட்டுவிட்டால் அடுத்த தடவை கையில் எடுத்ததுமே வித்தியாசம் தெரியும்.